பெர்மிட், மதகு, டவர்: அரசின் கையைக் கட்டச் சொல்லும் வாதமும் கொங்கு நாடும்

கோவை–பொள்ளாச்சி தடத்தில் ஓடும் பழைய தனியார் பஸ் ஒன்றை விலை பேசப் போனால் முதல் கேள்வி இன்ஜினைப் பற்றி வராது. "பெர்மிட்டோடயாங்கண்ணா, வெறும் வண்டியா?" என்றுதான் கேட்பார்கள். வெறும் வண்டி என்றால் ஒரு விலை. பெர்மிட்டோடு என்றால் அதைவிடப் பல மடங்கு. இரும்பும் டயரும் இன்ஜினும் சேர்ந்து தொடமுடியாத விலையை ஒரு காகிதம் தொட்டுவிடுகிறது. அந்தக் காகிதம் பயணியை ஓரடிகூட நகர்த்தாது. அந்த நேரத்தில் அந்தத் தடத்தில் வேறு எவரும் வண்டி விடமுடியாது என்பதுதான் அதன் மொத்த மதிப்பும்.

இதே பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு 1920இல் ஒற்றை பஸ்ஸைத் தானே ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர் ஜி.டி. நாயுடு. இன்று ஓர் இளைஞர் அப்படித் தொடங்க நினைத்தால் கையில் பணமிருந்தாலும் போதாது. 1972இல் தனியார் தடங்கள் பல அரசுடைமையாகி, கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் வந்தது. மிச்சமிருந்த பெர்மிட்டுகள் குடும்பச் சொத்தாகக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எத்தனை வண்டி, எந்த நேரம், என்ன கட்டணம் என எல்லாமே அரசு சொல்வதுதான். 2018 ஜனவரியில் உயர்த்திய கட்டணத்துக்குப் பிறகு டீசல் எங்கேயோ போனது, டிக்கெட் பல ஆண்டுகள் அங்கேயே நின்றது. ஒரு கையால் போட்டியைத் தடுத்துச் சலுகை தருவதும், இன்னொரு கையால் விலையைப் பிடித்து அமுக்குவதும் ஒரே அரசின் வேலை. இடையில் நடப்பது பஸ் ஸ்டாண்டில் டைமுக்காகச் சண்டை.

அரசின் அளவையும் அதிகாரத்தையும் குறுக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இந்த பெர்மிட் கதையிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குவார்கள், நாடு எதுவானாலும். 1974இல் ஆன் குரூகர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இந்தியாவின் இறக்குமதி லைசென்ஸ்களையும் பிற கட்டுப்பாடுகளையும் எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டார். இந்தக் கட்டுப்பாடுகளால் உண்டாகும் உபரி லாபம் 1964இல் நாட்டின் வருமானத்தில் 7.3 சதவீதம் என்றார். லாபம் ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போவது மட்டும் அவருடைய கவலையில்லை. அந்த லாபத்தைப் பிடிக்க ஆட்கள் செலவிடும் காலமும் மூளையும் பணமும் எதையும் விளைவிக்காமல் கரைகிறதே என்பதுதான் கவலை. தொழில் செய்ய வேண்டியவர் அலுவலக வராந்தாவில் பெஞ்சு தேய்த்துக்கொண்டிருப்பார். 1986இல் பொருளியல் நோபல் பெற்ற அமெரிக்கர் ஜேம்ஸ் புகானன் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். சந்தையில் சுயநலமாக நடக்கும் மனிதன் அரசு நாற்காலியில் உட்கார்ந்ததும் தியாகி ஆகிவிடுவான் என்று எதை வைத்து நம்புகிறீர்கள் என்று கேட்டார். நம் ஊரில் இதற்கு நோபல் எல்லாம் தேவைப்படவில்லை, தாலுகா ஆபீசுக்கு ஒருமுறை போய்வந்தாலே போதும்.

தமிழில் இந்த வாதத்துக்கு முகமாக இருந்தவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீலாக இருந்தவர், அந்த நகராட்சியின் தலைவராக இருந்தவர், 1925இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தவர். 1952இல் சென்னை மாகாண முதல்வரானதும் உணவு ரேஷன் கட்டுப்பாடுகளை நீக்கினார். 1959இல் காங்கிரஸ் நாக்பூரில் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டபோது, நிலத்தை உழுகிறவன் கையிலிருந்து பிடுங்கும் முதல் படி இது என்று எதிர்த்து சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். லைசென்ஸ்–பெர்மிட்–கோட்டா ராஜ் என்ற சொற்றொடர் அவர் புழக்கத்தில் விட்டது. 1967இல் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பிடித்தது. சில ஆண்டுகளில் கரைந்தும் போனது.

திருப்பூருக்கு அந்தச் சொற்றொடரின் மூன்றாம் சொல் நன்றாகத் தெரியும். 1974 முதல் 2004 முடிய, பணக்கார நாடுகள் எந்த நாட்டிலிருந்து எத்தனை உருப்படி ஆடை வாங்கலாம் என்று வரம்பு கட்டியிருந்தன. இந்தியாவுக்கு வந்த பங்கை இங்கே பிரித்துக் கொடுத்தார்கள். பனியன் தைக்காதவரும் கோட்டா வைத்திருந்தால் அதைப் பிரீமியத்துக்கு விற்றுச் சாப்பிடலாம். 2005 ஜனவரி 1 அன்று கோட்டா ஒழிந்தது. திருப்பூர் அதற்குப் பிறகும் விழவில்லை. உள்நாட்டிலோ, பின்னலாடை நெடுநாள் சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்ட பட்டியலில் கிடந்தது. நூல் மில்காரர்களுக்கு வேறு ஒரு கட்டு. உற்பத்தியில் ஒரு பங்கைக் கைத்தறிக்கான சிட்டா நூலாக, அதாவது கண்டு கண்டாக, சுற்றியாக வேண்டும். 2019இல் அந்தப் பங்கு 40 சதவீதத்திலிருந்து 30 ஆனது. கைத்தறியைக் காப்பாற்றும் நல்ல நோக்கம்தான். கைத்தறிக்காரருக்கு நேரே பணம் கொடுத்திருந்தால் எவ்வளவு செலவு என்று கணக்குத் தெரிந்திருக்கும். மில்லின் தலையில் கட்டியதால் செலவு எந்த பட்ஜெட்டிலும் தெரியாமல் போனது. நல்ல நோக்கங்களின் விலையை மறைத்துவைப்பது பெர்மிட்டின் இன்னொரு குணம்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அளவு வேறு, அதிகாரம் வேறு. மத்திய மாநில அரசுகள் எல்லாம் சேர்ந்து இந்தியாவின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 30 சதவீதம் செலவிடுகின்றன. பிரான்சில் இது 50ஐத் தாண்டும். அந்த வகையில் நம் அரசு சிறியது. பத்து லட்சம் பேருக்கு சுமார் 15 நீதிபதிகள்தான் இருக்கிறார்கள், இது வெட்கப்படும் அளவுக்குச் சிறியது. ஆனால் பிரான்சில் ஓட்டல் வைப்பவரைவிட ஈரோட்டில் ஓட்டல் வைப்பவர் அதிகாரியின் கையெழுத்துக்கு அதிகம் பயப்படுகிறார் என்றால், அளவு அல்ல, கையெழுத்துத்தான் சிக்கல். எழுதிவைத்த விதிப்படி கிடைக்கும் கையெழுத்து வேறு, மனசு வைத்தால் கிடைக்கும் கையெழுத்து வேறு. இந்த இரண்டாவது வகையைக் குறைக்கச் சொல்லும் வாதம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது. செலவைக் குறை, வரியைக் குறை என்பது கூட்டத்தில் கைதட்டு வாங்கும், விவாதத்தில் அவ்வளவு தாங்காது.

அடுத்த வாதம் அறிவைப் பற்றியது, இது கொஞ்சம் நுட்பம். 1945இல் பொருளியலாளர் ஃபிரீட்ரிக் ஹாயெக் எழுதினார்: ஒரு பொருளாதாரம் இயங்கத் தேவையான தகவல் எந்த ஒரு தலைமையகத்திலும் மொத்தமாக இருக்காது, அந்தந்த இடத்து ஆட்களிடம் துண்டுதுண்டாகக் கிடக்கும், எழுதிவாங்க முடியாத வடிவில் இருக்கும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுகின்றன. இந்த ஊர் அதற்குத் தலைநகராகும் என்று எந்தத் திட்ட அதிகாரியும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. பாறைப் பூமியில் கிணறு வெட்டித் தோற்றவர்களின் பேரன்கள் எந்தக் கல்லுக்கு எந்தத் துளை முனை (பிட்) என்று தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்த வாதத்தைக் கிட்டத்தில் பார்க்க கீழ்பவானி வாய்க்காலுக்குப் போகலாம். பவானிசாகர் அணையிலிருந்து கிளம்பி ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும் மண் வாய்க்கால் அது. ஆயக்கட்டு, அதாவது பதிவான பாசனப் பரப்பு, 2,07,000 ஏக்கர். பாதி நிலத்துக்கு ஆகஸ்டில் நெல்லுக்குத் தண்ணீர், மீதிப் பாதிக்குத் தை பிறந்த பின் கடலை, எள் மாதிரி புன்செய்ப் பயிருக்கு. அடுத்த ஆண்டு முறை மாறும். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று அந்தப் பக்கத்துச் சின்னப் பையனுக்கும் கணக்குத் தெரியும். 2020இல் சுமார் 710 கோடி ரூபாயில் வாய்க்காலுக்குக் கான்கிரீட் பூச அரசாணை வந்தது. பொறியாளர் கணக்கில் மண் கரை வழியாகக் கசிவது இழப்பு. அடைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும். இதில் பொய்யில்லை, கடைமடைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்தவர்கள்.

ஆனால் கரைக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கசிவுதான் கிணறு. வாய்க்காலில் தண்ணீர் விட்ட சில நாளில் தோட்டத்துக் கிணற்றில் ஊற்று ஏறும். மதகு முறை இல்லாத ஆண்டிலும் அந்தத் தண்ணீரை நம்பி மஞ்சளும் வாழையும் நிற்கும், மாடு குடிக்கும், ஊருக்குக் குடிநீர் கிடைக்கும். ஆயக்கட்டுப் பதிவேட்டில் இந்த நிலங்கள் இல்லை. அதனால் அரசின் கண்ணுக்கு இவை பாசனமே பெறவில்லை. உண்ணாவிரதம், கடையடைப்பு, வழக்கு என்று இழுத்தது. விவசாயிகளே இரண்டு பட்டார்கள், கடைமடை ஒரு பக்கம், கசிவுநீர்க்காரர் ஒரு பக்கம்.

இதில் யார் சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஹாயெக் சொன்னது எங்கே பொருந்துகிறது என்பதுதான் விஷயம். ஓர் ஏட்டில் இழப்பு என்று இருப்பது இன்னோர் இடத்தில் உயிர்த்தண்ணீர், அதை அளக்க ஏட்டில் கட்டமே இல்லை. 710 கோடியையும் ஒரே உத்தரவையும் கையில் வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டம் இல்லாதது உறைக்காது. தண்ணீரை மறுபடி பங்கிடுகிறோம் என்று தெரிந்து செய்தால் அது பேச்சுவார்த்தையாக இருக்கும். பராமரிப்பு வேலை என்று செய்ததால் போராட்டம் ஆனது. இருந்தாலும் அரசைச் சுருக்கச் சொல்பவர் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்த வாய்க்காலை வெட்டியதே அரசுதான், 1948க்கும் 1955க்கும் இடையில்.

மூன்றாவது வாதம் சொத்து. இதில்தான் கொங்கு விவசாயிக்குக் கோபம் அதிகம். நிலத்தை எடுப்பது ஒரு வகை. அதற்கு 1894ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2013இல் புதுச் சட்டம் வந்துவிட்டது, விலை, மறுவாழ்வு என்று ஏதோ பேச இடமிருக்கிறது. நிலத்தை எடுக்காமலே எடுப்பது வேறு வகை. மத்திய அரசின் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என ஏழு மாவட்டங்கள் வழியாக 310 கிலோமீட்டர் போகத் திட்டமிடப்பட்டது. 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்குப் போதும். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் 20 மீட்டர் அகலத்துக்கு வீடு கட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. இதற்கு நில மதிப்பில் 10 சதவீதம் இழப்பீடு. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லி 2013இல் மாநில அரசே எதிர்த்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

உயர்மின் கோபுரம் அடுத்த கதை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூருக்கு 800 கிலோவோல்ட் லைன். வயலில் கோபுரம் நடுவதற்கு அன்று கைகொடுத்த அதிகாரம் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்திலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் தந்திக் கம்பம் நடப் போட்ட சட்டம் தென்னந்தோப்பின் நடுவே பிரம்மாண்டமான டவரை நிறுத்தியது. லைனுக்கு அடியில் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, அந்தப் பூமியை வாங்க யாரும் வரமாட்டார்கள். 2018 கடைசியில் மேற்கு மாவட்டங்களில் காத்திருப்புப் போராட்டமும் உண்ணாவிரதமும் நடந்தன. 2015இல் மத்திய அரசு போட்ட வழிகாட்டுதலில் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பட்டைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024இல் அது 200, 30 என்று ஏறியது. ஏறியது நல்லதுதான். முதலில் தோட்டம் இழந்தவர்களுக்கு அது உதவாது. சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்து 1978இல் 44ஆவது திருத்தத்தால் சாதாரண சட்ட உரிமையாக இறங்கியது. ஜமீன்தாரை மனதில் வைத்து ஆரம்பித்த விவாதம் அது. கடைசியில் அடி விழுந்தது மூன்று ஏக்கர் தென்னைக்காரருக்கும் சேர்த்து.

வரியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்த கதை. 2022 ஜூலையில் கோவையின் வெட் கிரைண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதே உத்தரவில் மோட்டார் பம்ப்புக்கு 12லிருந்து 18. புவிசார் குறியீடு கொடுத்துப் பெருமைப்படுத்திய பொருளுக்கே இந்த நிலை. 2024 செப்டம்பரில் கோவையின் பேர்பெற்ற ஓட்டல்காரர் ஒருவர் மத்திய நிதியமைச்சர் முன்னிலையில், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அரங்கமே சிரித்தது. இரண்டு நாளில் அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கும் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. வரி விகிதத்தைவிட அந்த வீடியோதான் இந்தக் கட்டுரையின் பொருளுக்கு நெருக்கம். 2025 செப்டம்பரில் அடுக்குகள் பெரும்பாலும் 5, 18 என்று சுருங்கின. சரி, அது ஒரு முன்னேற்றம்.

இனி மறுபக்கம். கொங்குக்காரர்களுக்கு ஒரு சுயபிம்பம் உண்டு: கவர்மெண்டு நமக்கு ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க, குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம். பாதி உண்மை. 1930களில் கோவையில் மில்கள் சரமாரியாக எழுந்ததற்குப் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் ஒரு பெரிய காரணம், அது சென்னை மாகாண அரசு போட்ட திட்டம். 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகள் கோவை நகரை அடைத்து நின்றன. அரசு அதிகாரத்தை எதிர்த்து நடந்த மிகப் பெரிய மக்கள் எழுச்சிகளில் அது ஒன்று. அது கடைசியில் போய் நின்ற இடம் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். அரசைப் பின்வாங்கச் சொன்ன இயக்கம் அரசின் ஆகப்பெரிய மானியங்களில் ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியது. கட்டணமில்லாத மோட்டார் ஓட ஓடப் போர் ஆயிரம் அடியைத் தாண்டியது. விசைத்தறிக்கும் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, பக்கத்து வீட்டுத் தறியின் நிலைமை தெரியும். ஆனால் சிறிய அரசு வேண்டும் என்று மேடையில் பேசுகிற நம்மவர்கள் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கடினமான கேள்வி நொய்யல் ஆறு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் விட்ட தண்ணீர் ஆற்றில் இறங்கி, 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக்குட்டை ஆக்கியது. கீழே உள்ள கிணறுகள் உப்பேறின, தென்னை நுனி கருகியது. கட்டுப்பாடு குறைவான தொழில் என்ன செய்யும் என்பதற்கு இதைக் காட்டிப் பெரிய அரசுக்காரர்கள் வாதத்தை முடித்துவிடுவார்கள்.

அவ்வளவு எளிதாக முடியாது. அங்கே அதிகாரம் குறைவாக இருக்கவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருந்தது, சட்டம் இருந்தது, அனுமதி கொடுக்கவும் ரத்து செய்யவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் உரிமை இருந்தது. இத்தனையும் இருக்கும்போதே பல ஆண்டுகள் ஆறு நிறம் மாறி ஓடியது. அசைத்தவர்கள் கீழ்ப்பக்க ஆயக்கட்டு விவசாயிகள், நீதிமன்றம் போய். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலைக்கு வராத பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. வேலை போனவர்கள் வட மாவட்டங்களுக்கும் தென் மாவட்டங்களுக்கும் பஸ் ஏறினார்கள். அப்புறம்தான் மறுசுழற்சி நிலையங்களுக்கு உண்மையான முதலீடு வந்தது, அதில் அரசின் வட்டியில்லாக் கடனும் உண்டு. அடுத்தவர் கிணற்றை நாசம் பண்ண எனக்கு உரிமையில்லை என்பது வரம்புள்ள அரசை விரும்புகிறவர்களின் சொந்தக் கொள்கைதான். அதை நடத்திவைக்க அதிகாரியின் விருப்பம் தேவையில்லை, விரைந்து தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் தேவை. பத்து லட்சத்துக்கு 15 நீதிபதிகள் இருக்கும் நாட்டில் அது பத்துப் பதினைந்து ஆண்டு ஆகிறது. இந்த ஓரிடத்தில் அரசைப் பெருக்கச் சொல்லித்தான் நான் ஓட்டுப் போடுவேன்.

ராஜாஜிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது, அவரிடமும் ஒரு முடிச்சு. மாகாணப் பிரதமராக (முதல்வரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதல் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியையும் கொண்டுவந்தார். பெர்மிட் ராஜ்யத்தைத் திட்டியவர் மனிதன் என்ன குடிக்கலாம் என்பதை அரசு தீர்மானிப்பதில் தப்புக் காணவில்லை. இன்று அந்த மதுவிலக்கு தலைகீழாகி நிற்கிறது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. மது சில்லறை விற்பனை 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் தனியுரிமை, 2023–24இல் அதன் வழியாக வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். பொள்ளாச்சியைத் தாண்டிக் கோபாலபுரம் பக்கம் போனால் எல்லைக்கு அந்தப் புறம் தென்னையில் கள் இறக்குவது கேரளத்தில் லைசென்ஸ் உள்ள தொழில். இந்தப் புறம் அதே ஜாதித் தென்னையில் அதே பானையைக் கட்டினால் வழக்கு. கள் இறக்க விடுங்கள் என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உடல்நலம் என்று பதில் வருகிறது, டாஸ்மாக் நடத்துகிறவரிடமிருந்து.

அதிகாரத்தைக் குறைப்பது என்றால் இல்லாமல் ஆக்குவது என்று அர்த்தமில்லை, கீழே இறக்குவதும் ஒரு வழி. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடனும் சேர்த்து 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஊர்த் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. எந்த மேலிடத் திட்டத்திலும் இல்லாத யோசனை. மின் பில்லைப் பார்த்து மலைத்துப்போன ஓர் ஊராட்சிக்குத்தான் அது தோன்றும். தப்பாகப் போயிருந்தால் யாரைக் கேட்பது என்று கிராம சபைக்குத் தெரியும், அவர் அடுத்த தெருவில்தான் இருப்பார்.

அரசைக் குறுக்கும் வாதம் நம்மிடம் வழக்கமாக டெல்லியைப் பார்த்துப் பேசப்படுகிறது. மாநிலத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று கேட்கும்போது எல்லோரும் கூட்டாட்சிவாதிகள். சென்னையிலிருந்து ஊராட்சிக்கு இறங்க வேண்டியது வரும்போது பேச்சு நின்றுவிடுகிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 205ஆம் பிரிவின்படி, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரை மாவட்ட ஆட்சியர் நீக்கலாம். 2016இல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் ஊரகத்தில் 2019 டிசம்பருக்குத் தள்ளிப்போனது. அதில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. கொங்கு மாவட்டங்கள் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போயின. பெருமாநல்லூர் ஊராட்சிக்கும் அப்படித்தான், ஓடந்துறைக்கும் அப்படித்தான்.